அயர்லாந்து வெள்ளை, ஜெர்மனி சிவப்பு

அன்பு மகள் கோமதிக்கு, கரிசல் காட்டின் ஏக சக்கரவர்த்தியும், ஐரோப்பாக் கண்டத்தை நம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே வென்று அதே வாரத்தில் தோற்றும் போனவனுமாகிய உன் அப்பன் எழுதுவது. இங்கன எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம், பேச்சுவார்த்தைதான் இல்லை. உன் அம்மா என்னிடம் பேசுவதில்லை. சோற்றுத் தட்டைத் தரையில் வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் அன்றைய நிலவரத்தை நான் கணிக்க வேண்டியிருக்கிறது. உன் மாமா எங்கள் ரெண்டு பேரிடமும் பேசுவதில்லை. சங்கரன்கோவிலில் உன் மாமியார் என்ன மனநிலையில் இருக்கிறார்களோ, கேட்க எனக்குத் தைரியமில்லை. சென்னையில் நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்கிறீர்களா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அயர்லாந்து, ஜெர்மனி ரெண்டு நாட்டுக்கும் பதில் போயாக வேண்டும். ஒன்றுக்கு வாரேன் என்றும், மற்றதுக்கு வரவில்லை என்றும். தபால்காரர் சைக்கிளை நம்பினால் இந்தக் கடிதம் உன் பேரப்பிள்ளை கல்யாணத்துக்குத்தான் வந்து சேரும். அதனால் இன்றைக்கே சென்னை பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடப் போகிறேன். மாப்பிள்ளை படித்தாலும் படிக்கட்டும். அவர் அம்மா படித்தாலும் சரி. ஊரே படித்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. குறைகிறதுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

பொங்கலுக்கு நீங்கள் ரெண்டு பேரும் வந்து இறங்கியபோது உன் கைப்பையில் ரெண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று உன் பேருக்கு வந்தது. அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மற்றது மாப்பிள்ளை பேருக்கு. ஜெர்மனியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அயர்லாந்துக்குப் போனால் மாப்பிள்ளை உன்கூட வரலாம், தங்கலாம், சாப்பிடலாம். வேலை பார்க்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அது லேசில் கிடைக்காது. ஜெர்மனிக்குப் போனால் நீ அவர்கூட இருக்கலாம். ஆனால் அந்த மொழியைக் கரைத்துக் குடிக்கிறவரை ஒரு நோயாளிக்கு ஊசி போடக்கூட உன்னை விடமாட்டார்கள். இதை நீதான் வந்த அன்றைக்கு ஒரே மூச்சில் சொன்னாய். சொல்லிவிட்டுக் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்தாய். எந்த நாட்டுக்குப் போனாலும் உங்களில் ஒருவர் வீட்டில் உட்கார வேண்டும். அது எங்களுக்கு அப்போதே நன்றாக விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி நடித்தோமே, அந்த நடிப்புக்குத்தான் பரிசு தரணும்.

அன்றைக்கே நான் கோவில்பட்டிக்குப் போய் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அயர்லாந்தைக் கேட்டேன். படம் மேலேயிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. முதலில் மேகம். மேகத்துக்குக் கீழே மேகம். அதுக்கும் கீழே இன்னொரு மேகம். புல் தெரிகிறதுக்குள் எனக்குத் தாடியே வளர்ந்துவிட்டது. ஆனால் தெரிந்ததே ஒரு பச்சை! ஏட்டி கோமதி, அப்படி ஒரு பச்சையை நம்ம பூமி பிறந்ததிலிருந்து பார்த்திருக்காது. அங்கே தினமும் மழை பெய்யுமாம். கேட்காமலே பெய்யுமாம். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மேகம் தெற்கேயிருந்து எட்டிப் பார்த்தால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடுகிற சாதி நாம். நமக்கு அது நாடா? சொர்க்கத்தின் பின்வாசல். வீட்டுக்கு வந்து கையை விரித்து அறிவித்தேன்: "அயர்லாந்துதான். தீர்ப்பு முடிஞ்சது. எல்லாரும் கலைஞ்சு போங்க!"

உன் மாமா கலையவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற மனுஷனுக்கு மழை என்றாலே ஆகாது. நாலு நாள் சேர்ந்தாற்போல மூட்டம் போட்டால் குச்சி காயாது, மருந்து பிடிக்காது, வேலைக்கு வந்த பெண்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிற அதே நேரத்தில் அவர் வானத்தைப் பார்த்து வைவார். ஒரே மேகத்துக்கு ஒரே குடும்பத்திலிருந்து ரெண்டு மனு போனால் அது யார் பேச்சைக் கேட்கும்? அதான் பெய்யாமலே போய்விடுகிறது.

"அத்தான், மழை பெய்யுற ஊருக்கா பிள்ளைய அனுப்பச் சொல்லுதீங்க? துணி காயாது, குச்சி காயாது. அந்த ஊர்ல மனுசன் எப்படிக் காய்வான்? பூஞ்சக்காளான் பூத்துருவான்."

"மச்சினரே, மனுசன் எதுக்குக் காயணும்? நாம காஞ்சது போதாதா?"

"ஜெர்மனிய நெனச்சுப் பாருங்க. சிவகாசியில லேபிள் அடிக்கானுவளே, அந்த மிஷின் ஜெர்மனிதான். எங்க அப்பா காலத்து மிஷின். இன்னும் ஒரு நட்டு கழறல. நட்டு கழறாத நாட்டுக்குப் போகணுமா, சொட்டச் சொட்ட நனையுற நாட்டுக்குப் போகணுமா?"

"நட்டு கழறாதுதான். வாயைத் திறந்து பேசுனா ஒருத்தனுக்கும் விளங்காதே! தண்ணி கேக்கதுக்கே முழ நீளத்துக்கு ஒரு வார்த்தை வச்சிருக்கானாம். பிள்ள சொல்லி முடிக்கதுக்குள்ள தாகம் செத்துரும்."

சரி, பண மதிப்பையாவது ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றால் இப்போது ரெண்டு நாட்டிலும் ஒரே பணம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அந்த வழியும் அடைபட்டது. பொங்கலுக்கு வந்திருந்த உன் மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெற்றிலையை மடித்தபடி, "ஜெர்மனியில குளிர் கம்மியாம், அண்ணாச்சி" என்றார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து, "எங்க போனாலும் சோறு கிடைச்சாச் சரி" என்று மட்டும் ஒரு குரல் கொடுத்தாள். நான் அதை அயர்லாந்துக்கு விழுந்த ஓட்டு என்று சேர்த்துக்கொண்டேன்.

கோமதி, இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் ஒருவரும் நாட்டைப் பற்றிப் பேசவேயில்லை. ஜெர்மனி என்றால் மாப்பிள்ளை. அயர்லாந்து என்றால் நீ. உன் படிப்பா அவர் படிப்பா, உன் சம்பாத்தியமா அவர் கௌரவமா என்று முகத்துக்கு நேரே கேட்கிற திராணி அந்த வீட்டில் ஒருத்தருக்கும் இல்லை. அதனால் மழை என்றோம், மிஷின் என்றோம், குளிர் என்றோம். நீங்கள் ரெண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்ந்து வாய் திறக்காமல் எங்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குள்ளே பேச்சு நின்று எத்தனை நாள் ஆகியிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கடைசியில் உன் மாமியார்தான் சொன்னார்கள்: "அண்ணாச்சி, இது பேசித் தீராது. சாமிகிட்ட பூக்கட்டிக் கேட்டிருவோம்." அந்த நிமிஷம் வீட்டுக்கே மூச்சு வந்த மாதிரி இருந்தது. சாமி தலையில் பாரத்தை இறக்கிவிட்டால் யாரும் யாரையும் கோபிக்க வேண்டாம் பாரு. வெள்ளைப் பூ அயர்லாந்து, சிவப்புப் பூ ஜெர்மனி என்று அங்கேயே முடிவானது. தனித்தனியாக இலையில் மடித்து நாரில் கட்டிச் சாமி காலடியில் வைக்க வேண்டும். அதில் ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அது உத்தரவு. "பூ என் பொறுப்பு" என்று நான் முந்திக்கொண்டேன். என் பக்தியைப் பார்த்து உன் மாமாவே அசந்து போனார்.

விடிந்ததும் நந்தியாவட்டைச் செடியில் பூ பறித்தேன். செவ்வரளியும் ஊர் பார்க்கப் பறித்தேன். அரளியைக் கொண்டுபோய்க் கொல்லைக் குப்பையில் போட்டுவிட்டு, ரெண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். தப்புத்தான். ஆனால் அந்தப் பொட்டலத்தைக் கட்டும்போது என் மனசில் மழை இல்லை, பச்சை இல்லை, அயர்லாந்தே இல்லை. நீ மதுரையில் நர்ஸ் படிக்கையில், நான் பார்க்க வரும்போதெல்லாம் ஆஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து எலும்புகளின் பேரையெல்லாம் எனக்கு ஒப்பித்துக் காட்டுவாயே, அதுதான் இருந்தது. அத்தனை எலும்பையும் மனப்பாடம் பண்ணின பிள்ளை ஏதோ ஒரு ஊரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. சாமியைக் கேட்டிருந்தால் சாமியும் அதைத்தான் சொல்லியிருக்கும். நான் அதுக்கு வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கினேன், அவ்வளவுதான்.

மாமாவின் வேனில் எல்லாரும் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். கழுகுமலை ரோட்டிலிருந்து பிரிந்து பருத்திக் காட்டுக்குள்ளே போகிற வண்டிப்பாதை முழுக்க, நான் சாமி கும்பிடுகிற பாவனையில் கண்ணை மூடிக்கொண்டு அயர்லாந்தில் உனக்கு வீடு பார்த்துக்கொண்டே வந்தேன். பூசாரி பொட்டலம் ரெண்டையும் வாங்கிக் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். "யாரு எடுக்கது?" என்றார். "மருமகளே எடுக்கட்டும்" என்றார்கள் உன் மாமியார். நீ மாப்பிள்ளையைப் பார்த்தாய். அவர் கோயில் தரையைப் பார்த்தார். நீ இடது பக்கப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாய். பூசாரி நாரைப் பிரித்தார்.

சிவப்பு.

"அதெப்படிய்யா சிவப்பு வரும்? ரெண்டுலயும் வெள்ளையில்லா வச்சேன்!"

சொன்னது என் வாய்தான். அந்தச் சத்தத்துக்குக் கழுகுமலையில் இருக்கிற கழுகெல்லாம் ஒரு தடவை இறக்கையை விரித்து மடக்கியிருக்கும். பூசாரி மற்றதையும் பிரித்தார். அதுவும் சிவப்பு. எல்லார் கண்ணும் என் மேல் இருந்தது. என் கண் பூவின் மேல் இருந்தது. சாமி என் பொய்யைப் பிடித்து நிறம் மாற்றிவிட்டது என்றே நம்பிவிட்டேன்.

"சாமி மாத்தல. நான்தான் மாத்துனேன்." உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். "கூடையில வைக்கும்போதே பிரிச்சுப் பாத்தேன். அரளி கொல்லக் குப்பையில கெடந்துச்சு. இவியளப் பத்தி எனக்குத் தெரியாதா?"

உன் மாமியார் என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். "அண்ணாச்சி வெள்ளைய வச்சீங்க. மயினி சிவப்ப வச்சீங்க. அப்ப சாமி எதத்தான் வைக்கும்?" பூசாரி விபூதித் தட்டை என் பக்கம் நீட்டினார். "உங்க குடும்பத்துல சாமிக்கு வேலையே வைக்க மாட்டிய போலிருக்கே."

வேறு ஒரு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்போம். எனக்கோ ஆத்திரம் கண்ணை மறைத்தது. "ஏட்டி, பெத்த மக படிச்ச படிப்பு வீணாப் போகட்டும்னு நெனைக்கியா? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டேன். அதுக்கு அவள் சொன்னதை நீயும் கேட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், என் கையாலே ஒரு தடவை எழுதிப் பார்க்கணும்.

"வேலையில்லாத ஆம்பளையோட ஒரே வீட்டுல இருந்து பாத்தவ நான். மழ பொய்ச்ச வருசமெல்லாம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். தீப்பெட்டி ஆபீசுல நெருப்புக்கிட்ட உக்காந்திருக்கும்போது பயமில்ல. வீட்டுக்கு நடக்கும்போதுதான் பயம். எம் மவ அந்தப் பயத்தோட ஒரு ராவு கூட வீட்டுக்கு நடக்கப்பிடாது. சம்பாத்தியம் ஆம்பளகிட்டயே இருந்துட்டுப் போகட்டும்."

அவள் என்னைத்தான் சொன்னாள். ஆனால் அடி விழுந்தது மாப்பிள்ளை மேலே. வீட்டில் உட்காரப் போகிற ஆம்பளை அவர்தானே? அவர் முகம் சுண்டியதை நான் பார்த்தேன். "நான் அப்படித்தான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா, அத்தை?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் வேனில் போய் ஏறிக்கொண்டார். நீ அவர் பின்னாடி போகவில்லை. அங்கேயே நின்றாய். நீ ஏன் போகவில்லை என்று அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன். மறுநாள் ரயில் ஏறும்போது உன் பெட்டியை அவர்தான் தூக்கினார். ஆனால் உன் முகத்தைப் பார்க்காமல் தூக்கினார்.

இனி அந்த வருஷங்களைச் சொல்கிறேன். உனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. அம்மா மாமா ஆபீசுக்குப் போய்த் தீப்பெட்டிகளை அடுக்கிப் பண்டல் போடுகிறாள் என்பது மட்டும் தெரிந்திருக்கும். வானம் கைவிட்டது. கம்பும் பருத்தியும் முளைத்த இடத்திலேயே கருகின. கரிசல் வெடித்து, அந்த வெடிப்புக்குள் என் ஒரு கால் செருப்பு விழுந்தது. அது இந்நேரம் பாதாள லோகத்தில் யார் காலிலாவது இருக்கும். இப்படி வேடிக்கையாகத்தான் இத்தனை வருஷமாக அந்தக் கதையை ஊருக்குச் சொல்லி வருகிறேன். வெளியில் நான் பெரிய சிரிப்புக்காரன். வீட்டுக்குள் நான் எப்படி இருந்தேன் என்பதை ஊர் பார்க்கவில்லை. உன் அம்மா காலையில் சோறாக்கி வைத்துவிட்டுப் போவாள். நான் நாள் முழுக்கச் சும்மா கிடப்பேன். சாயங்காலம் அவள் தீக்குச்சி மருந்து வாடையோடு வந்து நிற்கும்போது கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். நான் உள்ளேதான் இருப்பேன். அவள் தட்டுவது காதில் விழும். உடனே எழுந்து திறக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று இருப்பேன். அவள் சம்பாதித்துக்கொண்டு வந்த குற்றத்துக்கு நான் கொடுத்த தண்டனை அது. திறந்ததும் முதல் கேள்வி, "என்ன இவ்வளவு நேரம்?" குழம்பில் உப்பு இல்லை என்பேன். பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தான் என்பேன். கையை ஓங்கியதில்லை. அதையே ஒரு பெருமையாக வைத்திருந்தேன். அப்புறம் மழை வந்தது, வெள்ளாமை வந்தது, நான் பழைய சிரிப்புக்காரன் ஆனேன். அவள் உன் மாமா ஆபீசுக்குப் போவதை நிறுத்தவேயில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று நான் ஒரு நாளும் கேட்டதுமில்லை. எல்லாம் முடிந்துபோனது என்று நினைத்தேன். கோயிலில் அவள் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு மட்டும்தான் முடிந்திருக்கிறது.

நேற்று நீ போன் பண்ணினாய். எந்த நாடு என்று கேட்பாய் என ஒரு பெரிய பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன். நீ நாட்டைப் பற்றிப் பேசவில்லை. "அம்மா சொன்னது நெசமாப்பா?" என்றாய். "ஆமா" என்றேன். அப்புறம், "அந்தக் காலத்துல நீங்க என்ன செஞ்சிருந்தா, இன்னிக்கு அம்மா பூவை மாத்தியிருக்க மாட்டா?" என்று கேட்டாய். "யோசிச்சுச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள" என்று போனை வைத்துவிட்டாய்.

யோசித்தேன். எனக்கு வேலை கிடைத்திருந்தால் என்று முதலில் பதில் வந்தது. அது பொய். வேலை இல்லாதவர் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள், எல்லார் வீட்டுப் பெண்களும் பயந்துகொண்டா நடந்தார்கள்? நான் செய்ய வேண்டியிருந்தது ரொம்பச் சின்னது. அவள் தட்டுகிறதுக்கு முன்னால் எழுந்து கதவைத் திறந்திருக்கலாம். "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். பட்டணத்தையே விலைக்கு வாங்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் அளந்த வாய்க்கு, வீட்டுக்குள் இந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

அதனால் என் ஒப்பீட்டை நானே கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்கிறேன். அயர்லாந்து என்றால், நீ ராத்திரி டூட்டி முடித்து நனைந்துகொண்டு வீட்டுக்கு வரும்போது கதவைத் திறப்பவர் மாப்பிள்ளை. ஜெர்மனி என்றால், அவர் வேலை முடிந்து வரும்போது திறப்பது நீ. ரெண்டு கதவையும் மனசுக்குள் திறந்து பார். திறக்கிற முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார். மழையும் வேண்டாம், மிஷினும் வேண்டாம்.

உன் கதவை நான் பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, நீ என் ரத்தம். உன்னை வேலையில்லாமல் ஒரு வீட்டுக்குள் உட்கார வைத்தால், பாடுபட்டு ஒட்டவைத்திருக்கிற ஜெர்மனியை நீ மறுபடியும் ரெண்டாகப் பிளந்துவிடுவாய். அந்த மனுஷன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார், நீ கேட்டும் கேட்காத மாதிரி அடுப்படியில் பாத்திரம் உருட்டுவாய். உன் அம்மா பயந்தது ஆம்பளைக்கு. அவள் பயப்பட வேண்டியது என் குணத்துக்கு. அது மாப்பிள்ளையிடம் இல்லை, உன்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை கதவையும் பார்த்தேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது அவருக்கு இங்கன ஒரு வேலையும் இல்லை. கரண்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அவித்த பனங்கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மாவிடம் நார் உரிக்கக் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கிழங்கை முழுசாக உரித்துவிட்டு, பட்டம் வாங்கின மாதிரி எல்லாரிடமும் காட்டினார். நான் உன் மாமாவிடம், "என்னய்யா இது, சும்மா இருக்கக் கொஞ்சம் கூச்சமே இல்லாத மாப்பிள்ளையா இருக்காரே" என்று கேலி பண்ணினேன். சும்மா இருக்கும்போது மனசு புளிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய ஐசுவரியம் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. என்னிடம் அது இருந்திருந்தால் உன் அம்மா இன்றைக்கு வேறொருத்தியாக இருப்பாள்.

அப்படியானால் அயர்லாந்து என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே. இது மூணாவது பொட்டலம் இல்லை. அவர் நல்ல குணம் உள்ளவர் என்பதற்காக அவர்தான் உட்கார வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது, உனக்கும் கிடையாது. அவரும் படித்தவர், அவர் அம்மா அவரைத் தனியாளாக நின்று படிக்க வைத்தார்கள். அவர் வாயால் வரட்டும். வருவதற்கு நீ கேட்க வேண்டும். "எந்த நாடு?" என்று கேட்காதே. "வீட்டுல இருக்க உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேள். அவர் உன்னிடம் அதையே திருப்பிக் கேட்டால் பெருமை பேசாமல் பதில் சொல்லு. அதோடு கோயிலில் ஏன் அவர் பின்னாடி போகவில்லை என்பதையும் சொல்லிவிடு. யாருக்கும் சாதகமாக நிற்க உனக்குத் தைரியம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருப்பார். வியாழக்கிழமை ராத்திரிக்குள் இதை ரெண்டு பேரும் பேசிவிட்டால், வெள்ளிக்கிழமை எந்த நாட்டுக்கு வாரேன் என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். பேசாமல் எழுதினால், அது சொர்க்கமாகவே இருந்தாலும் நான் வழியனுப்ப வரமாட்டேன். உன் மாமியாரிடம் நான் நேரில் போய்ப் பேசுகிறேன். மன்னிப்புக் கேட்பதில் எனக்குப் பழக்கம் இல்லை, பஸ்ஸில் போகும்போது மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு, முடிப்பது எப்படி என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா ஆபீசிலிருந்து வருகிற நேரம். தெருமுனையில் அவள் நடை தெரிந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"என்ன, காய்ச்சலா?" என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கோயிலுக்குப் போய்வந்த பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. மருந்து வாடை அப்படியே அடித்தது. "இல்ல. சும்மாதான் கேட்டேன்" என்றேன். அவள் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள் கோமதி. இன்றைக்கு நடந்ததை இல்லை. அவள் முதல் முதலாக அந்த ஆபீசுக்குப் போன நாளிலிருந்து.

முதல் வருஷமே இன்னும் முடியவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்லுதேன் என்று போயிருக்கிறாள். கொல்லையில் வாளிச் சத்தம் நின்றுவிட்டது. வாரா. நான் போறேன்.